தண்டுவட நீரும் நம் பிள்ளைகளும்

'முதுகுல தண்ணி எடுத்தா புள்ள முடமாயிடும்' – மூளைக்காய்ச்சல் வார்டு வாசலில் சனங்கள் பேசிக்கொள்வது இது. மூடத்தனம் என்று படித்தவர்கள் சிரிக்கிறார்கள். முடமாக்குவது நோய்தான், ஊசி இல்லை. ஆனால் எடுத்த நீரில் என்ன பார்த்தார்கள், என்ன தெரிந்தது என்று பெற்றவளுக்கு யார் சொன்னார்கள்?

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற தெளிந்த நீர் அது. வைரஸ் மூளைச் செல்லை உடைத்தால் உள்ளேயிருந்த நொதிகள் அதில் கசியும். லாக்டேட் டீஹைட்ரஜனேஸ், கிரியாட்டின் கைனேஸ், நரம்புச் செல்லின் ஈனோலேஸ் – இவை ஏற ஏற சேதம் அதிகம் என்று அர்த்தம். எரிந்த குடிசையின் சாம்பலை அளப்பது மாதிரி. தீ வைத்தவன் யாரென்று சாம்பல் சொல்லாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று உறுதிசெய்ய அதே நீரில் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். தெரிந்த பிறகும் அந்த வைரசைக் கொல்ல மருந்து கிடையாது. மூளை வீங்கிப் படுத்தவர்களில் நூற்றுக்கு 20, 30 பேர் சாகிறார்கள்.

நம் நாட்டில் இந்நோய் முதலில் தெரிய வந்தது 1955-ல், வேலூரில். 2005-ல் கோரக்பூர் பக்கம் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போன பிறகு, 2006-ல்தான் பெரிய அளவில் தடுப்பூசி போடக் கிளம்பினார்கள். அதற்குள் பழி மட்டும் பன்றி வளர்க்கிறவன் தலையில். பன்றியில் வைரஸ் பெருகுவது உண்மைதான். கொக்கு, நாரையிலும் பெருகுகிறது. பரப்பும் கொசு நெல்வயல் தண்ணீரில் முட்டையிடுகிறது. வயல்காரனை யாரும் ஊரைவிட்டு விரட்டவில்லையே!

நொதி பார்ப்பது வெட்டிவேலை என்று சொல்ல வரவில்லை. அடினோசின் டீஅமினேஸ் என்று ஒன்று உண்டு, சுருக்கமாக ஏ.டி.ஏ. காசநோய்க் கிருமி மூளை உறையைப் பிடித்தால் இது ஏறும்; வைரஸ் என்றால் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். லிட்டருக்கு 10 யூனிட்டைத் தாண்டினால் காசநோய்ச் சந்தேகம் பலப்படும். சீழ் பிடித்த மூளைக்காய்ச்சலிலும் ஏறும் என்பதால் சர்க்கரை, புரதம், செல் எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நிறம் மாறுவதை அளக்கிற சாதாரணக் கருவியே போதும், செலவும் குறைவு. சாம்பலை அளக்கிற நொதிகளால் ஆராய்ச்சிக் கட்டுரை வரும்; இதனால் வைத்தியமே மாறும். காசநோய்க்கு மருந்து இருக்கிறது, நாள் தள்ளினால்தான் ஆபத்து. 'வைரஸ்தான், ஒண்ணும் பண்ண முடியாது' என்று கைவிட்ட பிள்ளைக்குக் காசநோய் இருந்திருந்தால் அந்தச் சாவுக்கு என்ன பெயர் வைப்பது?

முதுகில் ஊசி குத்துகிற அரசு மருத்துவமனை எதுவானாலும், தாலுகா ஆஸ்பத்திரியே ஆனாலும், அங்கே இந்தச் சோதனை இருக்க வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திராமல் காசநோய் மருந்தைத் தொடங்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதித் தாயின் கையில் கொடுக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அந்தச் சீட்டும் கூடவே போக வேண்டும் – அங்கே போய் மறுபடியும் முதலிலிருந்தா?