பச்சையை எடுக்கப் பச்சிலை இல்லை!

ஆவடியிலிருந்து ஓர் அம்மா 19 வயது மகனோடு வந்தார். ராணுவத்தில் சேரத் தினமும் ஓடிப் பழகுகிற பையன். மேல்கையில் பச்சை. முன்கையின் உள்பக்கம், புறங்கை தவிர வேறிடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் ராணுவத்தில் பொதுவாக எடுப்பதில்லை.

யார் பேச்சையோ கேட்டு, சேராங்கொட்டை எண்ணெயோடு சுண்ணாம்பைக் குழைத்துத் தடவியிருக்கிறான். (வண்ணார் துணியில் குறி போட்ட கொட்டை அது!) கை வெந்து கொப்பளித்திருந்தது. பச்சை அப்படியே இருந்தது.

"சித்த வைத்தியத்துல இதுக்கு மூலிகை இல்லையா, டாக்டர்?"

இல்லைங்க. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். மை தங்குவது மேல்தோலுக்கு அடியில். கார மருந்து அங்கே எட்டணும்னா தோலையே தின்னணும். பச்சை இருந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். லேசர் ஒளி மையைப் பொடியாக்குகிறது. உடம்பு அதை மெல்ல மெல்ல அகற்றுகிறது. பல தடவை வைக்கணும், நடுவில் 6 முதல் 8 வார இடைவெளி. கறுப்பு மை மங்கிவிடும். மஞ்சள், பச்சை நிற மைகள் பிடிவாதம் பிடிக்கும். நம் மாநிறத் தோலில் வெண்திட்டு, கருந்திட்டு விழவும் இடமுண்டு. ஆகவே பியூட்டி பார்லர் வேண்டாம், தோல் டாக்டரிடமே போங்க என்றேன்.

புண் ஆற மருந்து கொடுத்தேன். ஆறாமல் லேசர் வைக்க மாட்டார்கள். ஆள்சேர்ப்புக்கு 4 மாதம்தான் இருக்கு என்றான் பையன். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். போதவில்லை.