கணக்குக் கேட்கும் குரல்

கிளர்ச்சி, போராட்டம் என்னும் சொற்கள் காதில் விழுந்த மாத்திரத்தில் நமது சங்க நிர்வாகஸ்தர்களில் பலர் முகம் சுளிக்கின்றனர். கொடியும் கூச்சலும் கல்லெறியும் அவர்கள் மனக்கண் முன் தோன்றுகின்றன போலும். கூட்டுறவுக்கும் கிளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாரும் உளர். சம்பந்தம் உண்டு என்பது நம் அபிப்பிராயம். அதனை விளக்க, ராஜஸ்தானத்தில் நடந்த ஒரு கிளர்ச்சியை அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். கணக்குப் புத்தகங்களின் பொருட்டு நடந்த கிளர்ச்சி அது. பேரேடுகளோடு காலந் தள்ளும் நமக்கு அதன்பால் ஒரு தனிப் பற்று உண்டென்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அம்மாநிலத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில், அரசாங்கம் நடத்தும் பஞ்ச நிவாரண வேலைகளே ஏழைகளுக்குப் பிழைப்பு. சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியோ அவர்கள் கைக்கு முழுவதும் வந்து சேர்வதில்லை. கேட்டால், "நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், புத்தகத்தில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது" என்பது பதில். அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது சர்க்கார் ரகசியம்! 1990-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, பீம் என்னும் ஊரில் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற தொழிலாளர் விவசாயிகள் சங்கம் தோன்றியது. ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தைத் துறந்து வந்த அருணா ராய் அம்மையாரும், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் அதனை முன்னின்று நடத்தினர். முதலில் கூலிக்காக உண்ணாவிரதம் இருந்து பார்த்தனர். கூலியைத் தின்பது புத்தகமே என்பது பின்னரே அவர்களுக்குத் தெளிவாயிற்று.

1994-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, கோட் கிரானா என்ற சிற்றூரில் முதல் பொது விசாரணை கூடியது. அங்கே மேடைப் பிரசங்கத்துக்கு முக்கியத்துவம் இல்லை. வேலையாட்களின் வருகைப் பட்டியலையும் பற்றுச் சீட்டுகளையும் ஊரார் கூடியிருக்க உரக்கப் படித்தார்கள். இன்னாருக்கு இத்தனை நாள் வேலை, இத்தனை ரூபாய் கூலி என்று படிக்க, பெயருக்குரியவரே எழுந்து, தாம் அந்த வேலைக்குப் போனதுண்டா, பணம் வாங்கியதுண்டா என்று சொன்னார். இத்தகைய விசாரணைகளில் இறந்தோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தமை வெளியாயிற்று. முடிவு பெறாத கட்டடங்கள் முடிந்தனவாகக் கணக்கேறியிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்மணிகள் அங்கே செய்தது முதல் தரமான தணிக்கை. நாம் பரீட்சை எழுதித் தேறிய வேலையை அவர்கள் வெயிலில் உட்கார்ந்து செய்துவிட்டார்கள்!

பஞ்சாயத்துப் பத்திரங்களின் நகலை மக்கள் பெறலாம் என்று 1995-இல் அம்மாநில முதலமைச்சர் சட்டசபையில் வாக்களித்தார். ஓராண்டாகியும் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6-ஆம் தேதி பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. 40 நாட்கள் நீடித்தது. இடையே, பத்திரங்களைப் பார்வையிடலாம், நகல் கிடையாது என்று அரசாங்கம் இறங்கி வந்தது. வந்தவர்கள் அதற்கு இணங்கவில்லை. பார்த்துவிட்டு வீடு திரும்பியவனுக்கு என்ன ஆதாரம் இருக்கும்? அந்த வேற்றுமையை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜெய்ப்பூரில் மீண்டும் 53 நாட்கள் அமர்ந்தனர். ராஜஸ்தானத்தில் 2000-இலும், நாடு முழுமைக்கும் 2005-இலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. நமது தமிழ்நாடு 1997-இலேயே இத்தகைய சட்டமொன்றை இயற்றியிருந்தது.

இனி நமது இல்லத்துக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பேச்சுரிமையை அளிக்கிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அளிக்கிறது. சங்கம் அமைக்கும் உரிமையையும் அளிக்கிறது. 2012-இல் அமலுக்கு வந்த 97-ஆவது திருத்தம், 'கூட்டுறவுச் சங்கங்கள்' என்ற சொற்களையும் அந்த இடத்திலேயே சேர்த்தது. ஆக, நமது சங்கம் அமையும் உரிமையும் அதன் அங்கத்தினர் வாய் திறக்கும் உரிமையும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. நமது மகாசபைகளைப் பார்ப்பவர்கள் இதை எளிதில் நம்பமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் மகாசபைக்கு நாம் சென்றிருந்தோம். வரவு செலவு படித்து முடிந்ததும் வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். நூல் எடைக் குறைவுக்கென்று அவ்வாண்டில் எல்லாருடைய கூலியிலும் பிடித்த தொகை மொத்தம் எவ்வளவு, அது எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது என்று கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, உட்காருங்கள், ஆபீஸர் வந்திருக்கிற நேரத்தில் வீட்டுச் சமாசாரம் எதற்கு?" என்றார். பின் வரிசையிலிருந்து யாரோ, அவர் எதிர்க் கட்சி என்றார்கள். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். மேடையில் மாலையும் கழுத்துமாக இருந்த நாம் வாய் திறக்கவில்லை. 'தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. கூட்டம் அமைதியாக முடிந்தது' என்று நமது அறிக்கையிலும் எழுதினோம்.

பிறகு மனம் கேளாமல் பேரேட்டைப் புரட்டினோம். பிடித்தம் முழுவதும் பலவகை வரவில் ஒழுங்காக ஏறியிருந்தது. ஒரு பைசாக்கூடத் தவறவில்லை! இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்திருக்கக்கூடிய பதில். ஆயினும் அந்தப் பெரியவர் அதன்பின் சங்கத்தில் பாவு வாங்கவில்லை. தனியார் முதலாளி ஒருவரிடம் கூலிக்கு நெய்வதாகக் கேள்விப்பட்டோம். அவருடைய பங்குத் தொகை மாத்திரம் இன்றும் சங்கத்தில் இருக்கிறது.

கேள்வி கேட்பவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. தேர்தல் நெருங்கும்போது மட்டும் கணக்கில் அக்கறை பிறப்போரையும் நாம் அறிவோம். உரக் கையிருப்பைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் முழங்கினார். இருப்புப் புத்தகத்தை அவர் முன் விரித்ததும் காப்பி குடிக்கப் போய்விட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டவருக்கும் புத்தகத்தைக் காட்டுவதால் சங்கத்துக்கு என்ன நஷ்டம்?

சட்டம் இவ்விஷயத்தில் நமக்கு அரைவாசியே துணை நிற்கிறது. கேரளத்துத் தலப்பலம் சேவைக் கூட்டுறவு வங்கியின் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கத்தின் உடைமையாகவோ, ஆழ்ந்த கட்டுப்பாட்டிலோ, பெருமளவு நிதியுதவியிலோ இல்லாத கூட்டுறவுச் சங்கங்கள் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வாரா என்றது அத்தீர்ப்பு. எனினும், கூட்டுறவுச் சட்டப்படி பதிவாளர் பெறத்தக்க தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் அது கூறியது. இந்தப் பிற்பகுதியை அங்கத்தினர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நாமும் சொல்லாதிருந்தவர்களுள் ஒருவரே.

இவ்வாண்டு நமது சரகத்து மகாசபைகளில், அங்கத்தினர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் பெயரோடும், அளித்த பதிலோடும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இருவர் உடனே இசைந்தனர். மூன்றாமவர், புத்தகத்தில் அவ்வளவு பக்கம் இல்லை என்றார். புதுப் புத்தகம் ஒன்று வாங்கி, ரசீதைச் செலவுச் சீட்டுகளோடு வைக்கும்படி சொல்லியிருக்கிறோம்.