விற்ற பின்னும் விடாத பூட்டு

திறமூல மென்பொருளா, மூடிய மென்பொருளா என்னும் வழக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. பலர் கூடி ஆக்குவதே புதுமைக்கு வழி என்கிறது ஒரு தரப்பு. பொறுப்பேற்க ஒரு கை இல்லாவிடில் நல்ல கருவி பிறவாது என்கிறது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும், வீட்டிலும் சட்டைப் பையிலும் குடியேறிவிட்ட மின்னணுக் கருவிகளைப் பொறுத்தவரை, இவ்வழக்கு தவறான மன்றத்தில் தொடுக்கப்பட்டிருக்கிறது என்று கருதுகிறோம். பணம் கொடுத்து வாங்கியவர் தம் கருவிக்குள் தாம் விரும்பும் நிரலை ஏற்றி இயக்க முடிகிறதா? முதலில் தீர்க்கப்பட வேண்டியது இவ்வினா. இதற்கு விடை காணாமல் மற்றவற்றை வாதிடுவதில் பயனில்லை.

2002ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நிறுவனமான லிங்க்ஸிஸ், டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரவுட்டரைச் சந்தைக்குக் கொணர்ந்தது. நீலமும் கறுப்பும் கலந்த சிறு பெட்டி. பின்புறம் இரண்டு கொம்புகள். மறு ஆண்டே சிஸ்கோ நிறுவனம் சுமார் 50 கோடி டாலர் மதிப்பில் லிங்க்ஸிஸை வாங்கியது. அவ்வாண்டிலேயே, அப்பெட்டிக்குள் இயங்குவது லினக்ஸ் என்பதை நிரலாளர் சிலர் கண்டறிந்து வெளிப்படுத்தினர். லினக்ஸை எவரும் விலையின்றி எடுத்தாளலாம், திருத்தலாம், விற்கலாம். ஆனால் விற்பவர், தாம் செய்த திருத்தங்களின் மூலநிரலை வாங்கியவர்க்கும் வழங்கவேண்டும் என்பது அதன் உரிமமான குனு பொது உரிமத்தின் நிபந்தனை. அது நிறைவேற்றப்படவில்லை. சிப்பைச் செய்தது பிராட்காம். மென்பொருளை ஆக்கித் தந்தது தைவானின் சைபர்டான். பெயரைப் பொறித்தது லிங்க்ஸிஸ். பழியைச் சுமந்தது சிஸ்கோ. நெருக்குதல் முற்றியபின் 2003இல் மூலநிரல் வெளிவந்தது.

அடுத்து நிகழ்ந்ததை எந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் திட்டமிடவில்லை. 2004இல் அந்நிரலின் மீது ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் எழுந்தது. வீட்டுக்கென விற்ற மலிவுப் பெட்டி, பெருநிறுவனங்கள் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய கருவிகளின் வேலையைச் செய்யத் தொடங்கியது. பெர்லினில் ஃபிரைஃபுங்க் என்னும் தன்னார்வ இயக்கத்தினர் அதனைக் கூரைகளில் பொருத்தி, ஒன்றோடொன்று பேசும் பொது வலையமைப்பைப் பின்னினர். லிங்க்ஸிஸோ 2005இல் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து, லினக்ஸை அகற்றி, மூடிய இயங்குதளம் ஒன்றைப் புகுத்தியது. எதிர்ப்பு எழவே, பழைய லினக்ஸ் வடிவத்தை டபிள்யூஆர்டி54ஜிஎல் என்னும் தனிப்பெயரில், கூடுதல் விலைக்கு விற்றது. அது பத்தாண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் நீடித்தது. திறந்து கொடுத்தால் வணிகம் கெடும் என்போர் இக்கணக்கை ஒருமுறை பார்ப்பது நன்று.

இவ்வெற்றியில் ஒரு தற்செயல் ஒளிந்திருந்தது: அப்பெட்டிக்குப் பூட்டு இல்லை. அமெரிக்காவில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய விற்கப்பட்ட டிவோ என்னும் கருவி அவ்வாறன்று. அதிலும் லினக்ஸ் இயங்கியது; உரிமம் கேட்டபடி அந்நிறுவனம் மூலநிரலையும் வழங்கியது. ஆனால் நிறுவனத்தின் மின்கையொப்பம் இல்லாத எந்த நிரலையும் இயக்க அப்பெட்டி மறுத்தது. நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். சொந்தப் பெட்டியில் மட்டும் ஏற்ற முடியாது. எழுத்தளவில் உரிமம் காக்கப்பட்டது, பொருளளவில் வெறுமையாக்கப்பட்டது. அவ்வுரிமத்தை வகுத்த ரிச்சர்டு ஸ்டால்மனும் அவர்தம் அறக்கட்டளையும் இதற்கு மாற்றாக 2007 ஜூனில் பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டனர். நுகர்வோர் கருவியை விற்பவர் நிறுவல் சாவியையும் தரவேண்டும் என்றது அது. லினக்ஸை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை ஏற்கவில்லை. நிரலுக்கு நிரலே கைம்மாறு, வன்பொருளை எவ்வாறு வடிவமைப்பது என்பது செய்பவர் உரிமை என்று அவர் நின்றார். லினக்ஸின் மையநிரலான கெர்னல் இன்றும் அவ்வுரிமத்தின் இரண்டாம் பதிப்பிலேயே உள்ளது. ஆக்கியோன் என்ற முறையில் அம்முடிவு அவருக்குரியது. ஆயினும் அதன் விளைவை மறைக்க இயலாது: வாங்குபவரைக் காக்கும் கடமை அன்றே உரிமங்களின் கையிலிருந்து நழுவிச் சட்டங்களின் வாசலில் வந்து விழுந்தது.

டிவோ சிறிய பெட்டியில் காட்டியதைக் கூகுள் உலகளவில் வேறொரு முறையில் செய்தது. ஆண்டிராய்டின் மூலநிரல் எவர்க்கும் திறந்ததே. ஆனால் பிளே ஸ்டோரும் கூகுளின் பிற செயலிகளும் வேண்டுமெனில் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்; அவ்வொப்பந்தத்தின்படி ஆண்டிராய்டின் மாற்று வடிவங்களில் இயங்கும் கருவி எதனையும் உற்பத்தியாளர் விற்றல் ஆகாது என்றிருந்தது. கிணற்றை ஊர்ப்பொதுவில் வெட்டிவிட்டு, கயிற்றையும் வாளியையும் தம் வீட்டில் வைத்துக்கொண்டதற்கு ஒப்பாகும் இது. 2012இல் அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தில் கைப்பேசி வெளியிட முனைந்த ஏசர் நிறுவனம், கூகுளின் எதிர்ப்பால் இறுதி வேளையில் பின்வாங்கியது. இத்தகைய கட்டுப்பாடுகளுக்காக 2018இல் ஐரோப்பிய ஆணையம் விதித்த தண்டம் 434 கோடி யூரோ; நீதிமன்றம் பின்னர் அதனைச் சற்றே குறைத்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ரூ.1,337.76 கோடி தண்டம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தொகையை உறுதிசெய்து, கட்டளைகளுள் சிலவற்றை நீக்கியது. 2025 முதல் ஆண்டிராய்டின் உருவாக்கப் பணி முழுவதும் கூகுளின் உள்ளறையிலேயே நடைபெறுகிறது. முடிந்த பின்னரே மூலநிரல் வெளியே வருகிறது. திறமூலம் என்ற பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை.

மூடிய முறையின் பெருமையை மறுப்பது நேர்மையன்று. 2007இல் ஐபோன் வந்தபோது தொடுதிரைக் கைப்பேசி என்பதன் இலக்கணமே மாறியது. வன்பொருளையும் மென்பொருளையும் ஒரே கூரையின்கீழ் இழைத்ததால் விளைந்த நேர்த்தி அது. சிதறிக் கிடந்த திறமூலக் குழுக்களால் அன்று அதனைச் செய்திருக்க முடியாது. ஆயின் அதே ஐபோனின் உலாவிக்கு உயிர் தந்த வெப்கிட், கேடிஇ என்னும் தன்னார்வக் குழுவினர் எழுதிய கேஎச்டிஎம்எல் நிரலிலிருந்து கிளைத்தது. பின்னர் குரோமுக்கும் அதுவே முன்னோடி ஆயிற்று. நம் மொழிக்கும் இதில் பங்குண்டு. ஆண்டிராய்டு திரையில் ‘கொ’ என்னும் எழுத்தின் ஒற்றைக்கொம்பு முன்னும் கால் பின்னும் சரியாக வந்து அமைவது ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நிரலால். ஆகவே மூடிய நிறுவனங்களின் புதுமை பொதுநிலத்தில் விளைந்தது. வேலி மட்டுமே அவர்களுடையது.

வேலியின் விலை, நிறுவனம் கைகழுவும் நாளில் தெரியவரும். வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் இயக்க ஏறத்தாழ 300 டாலருக்கு விற்கப்பட்ட ரிவால்வ் கருவியை ஆக்கிய நிறுவனத்தை நெஸ்ட் நிறுவனம் வாங்கி, 2016 மே மாதத்தில் அக்கருவி சார்ந்திருந்த வழங்கியை (சர்வரை) நிறுத்தியது. பழுதேதும் இல்லாத கருவிகள் ஒரே நாளில் செயலற்றன. லாஜிடெக்கின் ஸ்குவீஸ்பாக்ஸ் இசைப்பெட்டிக்கும் அதே விதி நேர்ந்திருக்கவேண்டும். 2012இல் உற்பத்தி கைவிடப்பட்டது, 2024இல் இணையச் சேவையும் மூடப்பட்டது. ஆனால் அதன் வழங்கி மென்பொருள் தொடக்கம் முதலே திறமூலம். ஆர்வலர் அதனை வளர்த்து வருகின்றனர். பெட்டிகள் இன்றும் பாடுகின்றன.

பாதுகாப்பைக் காட்டித் திறப்பதை மறுப்போர் உளர். அவர்கள் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கு நிரலில் கள்ளக்கதவு ஒன்று கண்டறியப்பட்டது. ஈராண்டுகளுக்கும் மேலாக உதவுவதுபோல் நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர் அதனைப் புகுத்தியிருந்தார். திறந்த வாயில் வழியாகவே பகைவர் நுழைந்தார் என்பது உண்மை. அதனைக் கண்டவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர். தொலைவழி நுழைவு அரை நொடி தாமதமாவதை ஐயுற்று, நிரலைப் பிரித்துப் பார்த்தார். மூடிய நிரலாயின் அவ்வையம் ஐயமாகவே நின்றிருக்கும். இதனால் திறந்தவை யாவும் காப்பானவை ஆகா. ஊதியமின்றித் தனியே உழலும் பராமரிப்பாளர்களின் தோளில் உலகம் இத்துணைச் சுமையை ஏற்றியிருப்பது பெருங்குறை. அக்குறைக்கு மருந்து பொருளுதவி, பூட்டு ஆகாது.

இனிச் சட்டத்தின் பக்கம் பார்ப்போம். இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையவாயிலும் திறந்தது. உதிரிபாகம், கையேடு, பழுதுநீக்கும் நிலையம் ஆகியவை குறித்த தகவல்கள் அங்கே கிடைக்கின்றன. மென்பொருள் ஆதரவு நின்றுபோன கைப்பேசிக்கு அங்கே மருந்தில்லை. ஆதரவு எந்நாள்வரை என்பதை விற்கும் பெட்டியின் மீதே அச்சிடுவதும், அந்நாள் கடந்ததும் பூட்லோடர் எனப்படும் தொடக்கநிரலின் பூட்டை உரிமையாளர் கேட்டவுடன் திறந்து கொடுப்பதும், வழங்கியோடு கருவி பேசும் முறையை வெளியிடுவதும் சட்டக் கடமைகளாக வேண்டும். விற்பனையில் உள்ள கருவியின் கமுக்கங்களை எவரும் கேட்கவில்லை, கைவிடப்பட்டதையே கேட்கிறோம்.

பிறர்க்கு உரிமையான நிரல்கள் உள்ளே கலந்திருப்பதால் திறக்க இயலாது என்பது நிறுவனங்களின் வழக்கமான மறுமொழி. பெபிள் கைக்கடிகாரம் அதற்கு விடையாகும். 2012இல் பொதுமக்களிடம் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டித் தொடங்கிய அந்நிறுவனம் 2016இல் மூடப்பட்டது. உடைமை ஃபிட்பிட்டுக்கும், பின்னர் கூகுளுக்கும் கைமாறியது. 2018இல் வழங்கிகள் நின்றபோது ரெபிள் என்னும் ஆர்வலர் குழு மாற்று வழங்கிகளை நிறுவிக் கடிகாரங்களை ஓடவைத்தது. 2025 ஜனவரியில் கூகுளே அவ்வியங்குதளத்தின் மூலநிரலை வெளியிட்டது. புளூடூத் உள்ளிட்ட பிறர் உடைமையான பகுதிகளை நீக்கிவிட்டே வெளியிட்டது. நீக்கிய பகுதிகள் நிரப்பப்பட்டு, அவ்வாண்டிலேயே அதே நிரலில் இயங்கும் புதிய கடிகாரங்கள் வாங்கியோர் கைக்குச் சென்று சேர்ந்தன.