கட்டிப்போடக் கயிறு உண்டு. கவனிக்கத் தாதி உண்டா?

தொழிலாளத் தோழர்களே! கிராணிமார்களே!

ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே ஒழுங்காக மரம் சீவிக்கொண்டிருந்த ஒருவர். இரண்டாண்டாக அவர் காதுக்குள் யாரோ பேசினார்கள். "உன்னைக் கொல்ல வருகிறார்கள்" என்றது குரல். அதை அடக்க அவர் சம்சு குடித்தார். குடித்தால் சற்று நேரம் அடங்கும். பிறகு இரட்டிப்பாக எழும். ஒரு நாள் உளியை நிரையில் வீசிவிட்டு ஓடினார். லயத்துக்காரர்களாகிய நாம் என்ன செய்தோம்? பிடித்து வந்து தூணில் கட்டினோம். "எல்லாம் குடியால் வந்த வினை; இனி ஒரு சொட்டும் கொடுக்காதே" என்று கதவைச் சாத்தினோம்.

இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் உடல் வியர்த்து நடுங்க, சுவரெல்லாம் பூச்சி ஊர்வதாக அலறினார். "பேய் முற்றிவிட்டது" என்று பூசாரியைத் தேடினோம். ஆஸ்பத்திரிக்குப் போனது நான்காம் நாள்தான். உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம்.

தோழர்களே, அது பேயல்ல. பல வருஷம் நாள் தவறாமல் குடித்தவனுக்கு மதுவைத் திடீரென்று நிறுத்தினால், ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதன்பின் சித்தம் கலங்கி உயிரே போகலாம். வைத்தியம் அறிந்த எவரும் அறிந்த செய்தி இது. பழக்கப்பட்ட தாதி ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? சில மணிக்கொருமுறை நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்திருப்பார். கை நடுக்கத்தையும் வியர்வையையும் குறித்து, நடுக்கம் ஏறுமுன் டாக்டரிடம் சொல்லி மருந்து கொடுத்திருப்பார். குடி தின்றுவிட்ட 'தையமின்' சத்தை ஊசியில் ஏற்றியிருப்பார். விளக்கெரியும் அமைதியான அறையில், தெரிந்த முகம் ஒன்றை அருகில் உட்கார வைத்திருப்பார். கயிற்றுக்கு அங்கே என்ன வேலை?

குரல் கேட்பவனைக் கவனிப்பதும் கற்று வரவேண்டிய தொழில்தான். "அப்படி ஒரு குரலும் இல்லை, பொய் சொல்லாதே" என்று அதட்டினால் அவன் நம்மையும் எதிரியாக எண்ணுவான். "எனக்கும் கேட்கிறது" என்று தலையாட்டினால் நோய்க்குத் துணை போவோம். நல்ல தாதி இரண்டும் செய்யமாட்டார். "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்கிறது, நீ பயந்திருக்கிறாய் என்பது தெரிகிறது" என்பார். "உன்னையோ பிறரையோ துன்புறுத்தச் சொல்கிறதா?" என்று நேராகக் கேட்பார். மாத்திரையால் கழுத்து இழுக்கிறதா, கை விறைக்கிறதா, இருக்க முடியாமல் தவிக்கிறானா என்று பார்ப்பார். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் மருந்தை வீசி எறிகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். தினமும் மாத்திரை விழுங்க மறந்துபோகிறவனுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

சரி, நம் தோழர் கதைக்கு வருவோம். மனநோய்ப் பிரிவுக்குப் போனார்: "முதலில் குடியை விட்டுவிட்டு வா" என்றார்கள். குடி மறக்கச் செய்யும் இடத்துக்குப் போனார்: "உனக்குப் பைத்தியம் இருக்கிறது, அங்கே போ" என்றார்கள். இரண்டு வாசலும் அடைத்தால் எங்கே போவான்? மறுபடியும் சம்சுக் கடைக்குத்தான்! குடியால் நோயா, நோயால் குடியா என்பதை டாக்டர் பொறுமையாகக் கண்டறியட்டும். அதுவரை கவனிப்பு காத்திருக்க வேண்டியதில்லை. நோய் இரண்டு, ஆள் ஒருவன். ஒரே இடத்தில், ஒரே கையால், சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. இன்று நம் பிள்ளைகளைத் தின்னும் 'ஐஸ்' என்ற போதைப்பொருளுக்கும் இதே நியாயம்தான். அதுவும் குரல்களையும் சந்தேகங்களையும் கிளப்பும். சிலருக்கு விட்டபின்னும் ஓயாது.

"குடிகாரனுக்கு எதற்கய்யா ஊழியம்? தானே தேடிக்கொண்டதுதானே!" என்பார்கள் சிலர். அவர்களைக் கேட்கிறோம்: தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையை வைத்தது தொழிலாளியா? 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் முன்னோர், கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டவற்றில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குடிக்க வைத்து வாங்கிய உழைப்பு இனித்தது. குடித்து விழுந்தவன் மட்டும் கசக்கிறானா?

நிர்வாகத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் வாயையும் பார்ப்போம். 1911-இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியின் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். அந்த ஆஸ்பத்திரிக்கு 'பஹாகியா' என்று பெயர் மாற்றினார்கள். மகிழ்ச்சி என்று பொருள். பெயர் மாறியது, நம் நாக்கு மாறவில்லை. அந்த ஏச்சுக்குப் பயந்துதானே எத்தனையோ தாய்மார் பிள்ளையின் நோயை வருஷக்கணக்கில் வீட்டுக்குள் பூட்டி வைக்கிறார்கள்!

பழைய 1952-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010-இல் அமலுக்கு வந்தது. நோயாளியை ஊருக்குள்ளேயே வைத்துப் பார்க்கும் சமூக மனநல நிலையங்களுக்கு அது இடம் தருகிறது. சில அரசாங்க ஆஸ்பத்திரிகளிலிருந்து தாதியர் வீடு தேடிச் சென்றும் கவனிக்கிறார்கள். நல்லது. ஆனால் செம்மண் பாதையின் கோடியில் இருக்கும் நம் லயத்துக்கு அவர்கள் வருகிறார்களா? பல தோட்டங்களில் இன்று டிரெஸர்கூட இல்லையே!

ஆகவே நாம் கேட்பது நான்கு.

ஒன்று: மனநோய்க்கும் போதைக்கும் சேர்த்துப் பயிற்சி பெற்ற தாதியர், மாதம் ஒருமுறையாவது தோட்டத்துக்கு வரவேண்டும்.

இரண்டு: ஊசி போடும் நாளுக்குப் பேர் விழவேண்டும். ஊசிக்குப் போனால் அன்றைய கூலி போகும் என்றால், ஏழை ஊசியைத்தான் விடுவான்.

மூன்று: நோயைக் காட்டி வேலையை விட்டும் வீட்டை விட்டும் துரத்தக் கூடாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று தந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டாண்டுக்குக் குறைந்த வேலைக்காலத்துக்கு வருஷம் 14 நாள், ஐந்தாண்டுக்குக் குறைந்ததற்கு 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை உண்டு. கால் முறிந்தவனுக்குத் தரும் விடுப்பை மனம் முறிந்தவனுக்கு மறுப்பது என்ன நியாயம்?

நான்கு: "அங்கே போ, இங்கே போ" என்று விரட்டாமல், இரு நோயையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும்.

கிராணிமார்களே! செக்ரோலில் 'ஆப்சென்ட்' என்று கோடு கிழிக்குமுன், அவன் ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் பேனா முனையில் ஒரு குடும்பத்தின் அரிசிப்பானை இருக்கிறது.

நம் தோழர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவர் பேர் செக்ரோலில் இல்லை. அவர் நிரை வேறொருவரிடம் இருந்தது. அவர் மனைவி இன்னும் அதே தோட்டத்தில் ஒற்றைக் கூலியில் மரம் சீவுகிறாள். அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த நான்கையும் தீர்மானமாக வையுங்கள். அவளையும் அழைத்து வந்து முன் வரிசையில் உட்கார வையுங்கள்.

கயிற்றை அவிழ்ப்போம். தாதியைக் கேட்போம்.