கணக்கில் வராத ஆட்டம்

போன ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை இரவு எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்காக ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் 77 வயது நான். மறு பக்கம் 45 வயது மகன். நடுவில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த பேரன்.

எனக்கு வேண்டியது பேஸ்பால். பாஸ்டன் ரெட் சாக்ஸும் நியூயார்க் யாங்கீஸும் மோதும் ஆட்டம். மகனுக்கு வேண்டியது ஃபுட்பால். காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி முட்டிக்கொள்ளும் அமெரிக்க ஃபுட்பால். அதுவும் சீசன் ஆட்டமாக இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அன்றைக்கு நடந்தது ப்ரீசீசன். அதாவது சீசன் தொடங்குவதற்கு முன் ஆகஸ்டில் நடத்தும் ஒத்திகை. ஜெயித்தாலும் தோற்றாலும் பட்டியலில் ஏறாது.

"அப்பா, பேஸ்பால்ல 162 ஆட்டம். அதுல இது ஒண்ணு. நாளைக்கும் இதே ரெண்டு பேரும்தான் ஆடுவாங்க. ஃபுட்பால் இப்பத்தான் வருது" என்றான் மகன்.

"டேய், அது இன்னும் வரவே இல்லடா. வர்ற மாதிரி பாவலா காட்டுது" என்றேன்.

மருமகள்தான் தீர்ப்புச் சொன்னாள். ஆளுக்கு அரை மணி நேரம். பாதி பாதி பார்த்து இரண்டு பேருமே உருப்படியாக எதையும் பார்க்கவில்லை. அன்றைக்கு மகனிடம் கோர்வையாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வேலை பார்த்த காலமெல்லாம் கணக்குப் பிரிவில். எது கணக்கில் வரும், எது வராது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

நான் பாஸ்டனுக்கு வந்தது 1974-ல். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார், 1919-ல் பிறந்தவர். கோடை மாலைகளில் திண்ணை மாதிரி இருக்கும் வாசல் மேடையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். போகிற வருகிறவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். "நான் பிறந்த வருஷக் கடைசியில்தான் இவர்கள் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றார்கள். அதற்கு முந்தின வருஷம் கோப்பை வாங்கினார்கள். அதற்கப்புறம் கிடையாது" என்பார். தன் பிறப்பே ராசியில்லை என்பது மாதிரிதான் சொல்வார்.

1978-ம் வருடத்தை மறக்க முடியாது. ஜூலையில் ரெட் சாக்ஸ் யாங்கீஸைவிட 14 ஆட்டம் முன்னால் இருந்தது. செப்டம்பரில் யாங்கீஸ் பாஸ்டனுக்கே வந்து நான்கு ஆட்டத்திலும் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. நான்கையும் கூட்டினால் ரன் கணக்கு 42-க்கு 9. பிறகு ரெட் சாக்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. சீசன் முடிந்தபோது இருவருமே 99 வெற்றி, 63 தோல்வி. யாருக்கு முதலிடம் என்று முடிவு செய்ய அக்டோபர் 2, திங்கள்கிழமை பிற்பகல், பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் தனியாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். ஆபீஸில் எவனும் வேலை பார்க்கவில்லை. மேஜைக்கு மேஜை ரேடியோ. ஏழாவது இன்னிங்ஸில் பக்கி டென்ட் என்ற யாங்கீஸ் ஆட்டக்காரர், பெரிய அடிக்காரரே இல்லை, அந்த வருடம் முழுக்க அடித்தது 5 ஹோம் ரன், அதில் ஒன்றை அன்றைக்கு 37 அடி உயரப் பச்சைச் சுவருக்கு மேல் தூக்கி அடித்துவிட்டார். 5-க்கு 4 என்று யாங்கீஸ் ஜெயித்தது. சாயங்காலம் எதிர் வீட்டுப் பெரியவர் ரேடியோவை உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது மகனின் முதல் வாதத்துக்கு வருகிறேன். "162-ல் இது ஒன்றுதானே?" சரி. 1978-ல் 162 ஆட்டம் ஆடி முடித்துப் பார்த்தால் இரண்டு பேரும் சமம். ஏப்ரல் குளிரில், மே மழையில், ஆகஸ்ட் புழுக்கத்தில் ரெட் சாக்ஸ் தோற்ற 63-ல் ஒன்றே ஒன்றை ஜெயித்திருந்தால் பக்கி டென்டுக்கு வேலையே இருந்திருக்காது. அப்படியானால் அந்த 162-ல் முக்கியமில்லாத ஆட்டம் எது? யாராவது விரல் வைத்துக் காட்டட்டும்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2011-ல் ரெட் சாக்ஸ் சீசனின் கடைசி இரவில் பால்டிமோரிடம் தோற்றது. அதே இரவில் டாம்பா பே அணி, யாங்கீஸிடம் 7-0 என்று பின்தங்கிக் கிடந்தது, எழுந்து 8-7 என்று ஜெயித்தது. ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் ரெட் சாக்ஸ் வெளியே. யாங்கீஸ் தோற்றும் நம் தலையில் மண்ணைப் போட்ட இரவு அது. 2021-ல் இன்னும் வேடிக்கை. ரெட் சாக்ஸ், யாங்கீஸ் இரண்டும் 92 வெற்றி, 70 தோல்வி. நாக் அவுட் ஆட்டம் யார் ஊரில்? அந்த வருடம் இருவரும் மோதிய 19 ஆட்டங்களில் ரெட் சாக்ஸ் 10, யாங்கீஸ் 9. அந்த ஒற்றை வெற்றியால் ஆட்டம் ஃபென்வேக்கு வந்தது. ரெட் சாக்ஸ் 6-2 என்று ஜெயித்தது. 2023-லிருந்து இவர்கள் ஒரு சீசனில் மோதுவதே 13 முறைதான். முன்பைவிட அபூர்வம். அதில் ஒன்றைத்தான் என் மகன் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்கிறான்.

ப்ரீசீசனுக்கு வருவோம். 2008-ல் டெட்ராய்ட் லயன்ஸ் ப்ரீசீசனில் நாலுக்கு நாலு ஜெயித்தது. சீசன் தொடங்கியது. 16 ஆட்டம், 16 தோல்வி. 2017-ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸும் ப்ரீசீசனில் நாலுக்கு நாலு. சீசனில் 16-க்கு 16 தோல்வி. பால்டிமோர் ரேவன்ஸ் 2016-லிருந்து 2023 வரை தொடர்ந்து 24 ப்ரீசீசன் ஆட்டங்களை ஜெயித்தது. அந்த வருடங்களில் ஒரு சூப்பர் பவுல் கூட எடுக்கவில்லை. ஜெயித்தாலும் ஒன்றும் தெரியாது, தோற்றாலும் ஒன்றும் தெரியாது என்றால் அதற்குப் பெயர் ஆட்டமா?

இரண்டாவது வாதம்: "புதுப் பையன்களைப் பார்க்கலாமே." இதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வோர் அணியும் 90 பேரைக் கூட்டி வந்து, ஆகஸ்ட் முடிவில் 53 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறது. அந்தப் பையன்களுக்கு அது வாழ்க்கை. 1999-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸின் ட்ரென்ட் கிரீன் ப்ரீசீசனில் முழங்கால் உடைந்து விழ, அவர் இடத்தில் யாருக்கும் தெரியாத கர்ட் வார்னர் வந்தார். அந்த வருடமே லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், சூப்பர் பவுலையும் வென்றார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ட்ரென்ட் கிரீன் பக்கம் நின்று அதே கதையைச் சொல்லிப் பாருங்கள். 2016-ல் டல்லஸின் டோனி ரோமோ, 2017-ல் நம் பேட்ரியட்ஸின் ஜூலியன் எடெல்மன். இரண்டு பேரும் கணக்கில் வராத ஆட்டத்தில் அடிபட்டார்கள். எடெல்மனுக்கு அந்த சீசன் முழுவதும் போயிற்று. அந்த சீசனில்தான் பேட்ரியட்ஸ் சூப்பர் பவுலுக்குப் போய் ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றது.

இதனால்தான் இப்போது பயிற்சியாளர்கள் நட்சத்திர ஆட்டக்காரர்களைப் ப்ரீசீசனில் இறக்குவதே குறைவு. தொப்பி போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். ஆக, ஆடுகிற பையன்களில் பாதிப் பேர் அடுத்த மாதம் அணியில் இருக்க மாட்டார்கள், இருக்கப்போகிறவர்கள் ஆட மாட்டார்கள். தேர்வு நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வுக்கு முழு டிக்கெட் வாங்குவது ஏன் என்றுதான் கேட்கிறேன். சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் ப்ரீசீசன் டிக்கெட்டையும் சேர்த்து வாங்கியாக வேண்டும் என்பது பல காலமாக நடக்கிற பழக்கம். 1970-களிலேயே பஃபலோவிலும் டல்லஸிலும் ரசிகர்கள் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். என் நண்பர் ஒருவர் சீசன் டிக்கெட் வைத்திருந்தார். ஆகஸ்ட் வந்தால் போன் வரும், "ரெண்டு டிக்கெட் இருக்கு, சும்மா எடுத்துக்கோங்க" என்று. டிசம்பர் ஆட்டத்துக்கு ஒரு தடவை கூடப் போன் வந்ததில்லை! எது எவ்வளவு பெறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

லீகுக்கும் தெரியும். 2021-ல் ப்ரீசீசனை நாலிலிருந்து மூன்றாகக் குறைத்து, சீசனை 16-லிருந்து 17 ஆக்கினார்கள். கணக்கில் வராத ஓர் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டுக் கணக்கில் வரும் ஓர் ஆட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். முதலாளிகளே ஒத்துக்கொண்ட பிறகு ரசிகன் எதற்கு வக்காலத்து வாங்க வேண்டும்?

மூன்றாவது வாதம்தான் எனக்கு எரிச்சல் மூட்டுவது. "ஃபுட்பாலைத்தான்பா எல்லாரும் பார்க்கிறாங்க." பார்க்கட்டும். ப்ரீசீசன் பேட்ரியட்ஸ் ஆட்டம் உள்ளூர் சேனலில் இலவசமாக வருகிறது. ரெட் சாக்ஸ் பார்க்க மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். இலவசத் தண்ணீர்ப் பந்தலில் கூட்டம் அதிகம் என்பதற்காக, பக்கத்துக் காபிக் கடைக் காபி மோசம் என்று ஆகிவிடுமா? பார்த்தவர்களை எண்ணுவது வேறு, பார்த்தது மனதில் எத்தனை நாள் நின்றது என்பது வேறு. 2006 ஆகஸ்டில் யாங்கீஸ் ஃபென்வேக்கு வந்து ஐந்து ஆட்டத்திலும் ஜெயித்தது. இரண்டாவது ஆட்டம் மட்டும் 4 மணி 45 நிமிடம், நள்ளிரவு தாண்டி முடிந்தது. இன்றைக்கும் பாஸ்டன் சலூனில் உட்கார்ந்து அதைச் சொன்னால் நாலு பேர் பெருமூச்சு விடுவார்கள். அதே வார இறுதியில் ப்ரீசீசன் ஃபுட்பாலும் நடந்தது. ஸ்கோர் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பகையில் எல்லாமே அழகு என்று நான் சொல்ல வரவில்லை. கேலரியில் கத்துகிற கெட்ட வார்த்தைகளைப் பேரன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2003-ல் மைதானத்தில் நடந்த கைகலப்பில் 72 வயது டான் ஸிம்மர் தரையில் விழுந்ததைப் பார்த்து வெட்கப்பட்டேன். ஆனால் 2013-ல் பாஸ்டன் மராத்தானில் குண்டு வெடித்த மறுநாள், யாங்கீஸ் ஸ்டேடியத்தில் அவர்கள் ஒலிக்க விட்டது ஃபென்வேயில் வழக்கமாகப் பாடும் பாட்டை. வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் என் மனைவிக்கும் பேச்சு வரவில்லை. நூறு வருடமாகச் சண்டை போட்டவனுக்குத்தான் எதிராளியின் பாட்டு தெரியும். ப்ரீசீசனில் எதிராளி யார்? ஜெர்ஸி எண்ணைப் பார்த்துப் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

நான் ஃபுட்பாலுக்கு விரோதி இல்லை. 2002 சூப்பர் பவுலில் வினாட்டியேரியின் கடைசி உதை உள்ளே போனபோது இதே மகனோடு சேர்ந்து குதித்தவன்தான். செப்டம்பர் வரட்டும், ஞாயிற்றுக்கிழமை ரிமோட்டை நானே அவன் கையில் கொடுக்கிறேன். ஆகஸ்டில் கேட்காதே என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. 2004 அக்டோபரில் ரெட் சாக்ஸ், யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்று, மூன்றாவதில் 19-8 என்று மானம் போய், பிறகு தொடர்ந்து நாலு ஜெயித்தது. அடுத்து செயின்ட் லூயிஸையும் வென்று 86 வருடத்துக்குப் பிறகு கோப்பை வாங்கியது. எதிர் வீட்டுப் பெரியவர் அதே வருடம் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்திருந்தார், 84 வயதில். கோப்பை வாங்கிய மறுநாள் அவர் மகள் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டதால் நானும் போனேன். அங்கே போய்ப் பார்த்தால், எங்களைப் போல எத்தனையோ பேர். கல்லறைகளில் கொடி, தொப்பி, செய்தித்தாள். அந்த வருடம் நியூ இங்கிலாந்து முழுக்க அப்படித்தான் நடந்தது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் ஸ்கோர் சொல்லப் போனவர்கள்.

ஒத்திகை ஆட்டத்தின் ஸ்கோரை யாரும் கல்லறைக்கு எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

மகனுக்கு 45 வயது. ஓர் இரவை ஒத்திகைக்குக் கொடுக்க அவனிடம் இரவுகள் இருக்கின்றன. 77 வயதில் நான் எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும். பேரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த ஆகஸ்டில் யாங்கீஸ் ஆட்டம் இருக்கிற அன்றைக்கு ரிமோட்டை முதலில் தாத்தாவிடம் கொண்டு வா என்று. "அப்பா கேட்டா என்ன சொல்லட்டும் தாத்தா?" என்றான். "இது கணக்குல வருதுன்னு சொல்லு" என்றேன்.