இரண்டு தரம்தான், தம்பி!



எங்கள் பிள்ளைகள் பலர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறார்கள். சில பெற்றோருக்கு அது தெரியும், சிலருக்குத் தெரியாது. மேசையைச் சுற்றி இருந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, 20 பக்கத் தாயக்கட்டை உருட்டி முடிவு காணும் விளையாட்டு இது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளிவந்தது. வாள்வீரனாக வரும் பிள்ளையால் ஒருவருக்கும் கவலை இல்லை. புதிதாக வந்த ஒரு பிள்ளை "நான் விஸார்ட்" என்று சொன்னவுடன்தான் வீட்டிலும் மேசையிலும் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் வீட்டுக் குழப்பம். 'விஸார்ட்' என்பது பிள்ளைக்கு ஒரு கதைப்புத்தகச் சொல். அதையே 'மந்திரவாதி' என்று தமிழில் சொன்னால் அம்மம்மாவின் காதில் செய்வினையும் சூனியமும்தான் விழும். அந்தப் பயத்தை நாங்கள் சிரித்துத் தள்ளக்கூடாது. உபாகமம் 18ஆம் அதிகாரம் அவற்றைத் தெளிவாக விலக்குகிறது. அப்போஸ்தலர் 19இல் எபேசுவின் விசுவாசிகள் மாயவித்தைப் புத்தகங்களைச் சுட்டெரித்தார்கள். ஆனால் அவர்கள் எரித்தவை, உண்மையில் பலிக்கும் என்று நம்பிக் கையாண்ட புத்தகங்கள். இங்கே மேசையில் இருப்பது கணக்கு. 1980களில் அமெரிக்கச் சபைகள் பல இந்த விளையாட்டுக்கு அஞ்சின. அதே காலத்தில், 1984இல், டிக் வுல்ஃப் என்பவர் வேத வசனங்களை மனப்பாடமாகச் சொல்லி விளையாடும் 'டிராகன்ரெய்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டார். விசுவாசிகள் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அந்தக் கணக்கு என்ன? முதல் நிலை விஸார்டின் புத்தகத்தில் 6 மந்திரங்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் 4ஐத்தான் அன்றைக்கென்று ஆயத்தம் செய்யலாம். ஆனால் பயன்படுத்த இருப்பதோ 2 'ஸ்லாட்' மட்டும். ஒரு தரம் பயன்படுத்தினால் ஒன்று போய்விடும். நாளுக்கு ஒரு முறை சிறு ஓய்வில் ஒன்றைத் திரும்பப் பெறலாம். மற்றபடி நீண்ட ஓய்வுக்குப் பிறகுதான். 'கான்ட்ரிப்' என்ற 3 சின்ன வித்தைகள் மட்டும் எத்தனை தரமும் செய்யலாம். மனதை ஒருமுகப்படுத்திப் பிடித்திருக்க வேண்டிய மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடி விழுந்தால் அதுவும் கைநழுவக்கூடும்.

இங்கேதான் மேசைக் குழப்பம். "பாவம், புதுப்பிள்ளை, மூன்றாவது தரமும் செய்யட்டும்" என்று கதை நடத்தும் அண்ணாமார் விட்டுக்கொடுக்கிறார்கள். அது அன்பு என்று நினைக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மூன்றாம் தரம் கிடைக்கும் என்று தெரிந்தால் முதலிரண்டு தரத்துக்கும் யோசனை தேவையில்லை. காயப்பட்டு முன்னால் நிற்கும் வாள்வீரத் தங்கைக்கும் அது நியாயமில்லை. அவளுக்கு ஒருவரும் கூடுதல் உயிர்ப்புள்ளி கொடுக்கவில்லையே. சக்தி தீர்ந்துபோகும், ஆகவே எப்போது எதற்கு என்று தெரிந்தெடு என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் முழு விளையாட்டும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெருமை மட்டுமே.

தாதிகளாகிய நாங்கள் வார்டில் பழகிய வழி ஒன்று உண்டு. புதிதாக வந்த தாதியிடம் மருந்து வண்டி முழுவதையும் முதல் நாளே ஒப்படைப்பதில்லை. புதியவர் என்பதற்காக மருந்தின் அளவையும் தளர்த்துவதில்லை. பக்கத்தில் நின்று, கொடுப்பதற்கு முன்பு கேட்கிறோம்: யாருக்கு, எது, எவ்வளவு, ஏன்? மேசையிலும் அதையே செய்யலாம். விதி முழுவதும் இருக்கட்டும், சுமை குறையட்டும்.

முதல் நாள் 6 மந்திரங்களையும் விளக்கிக் களைப்பாக்க வேண்டாம். ஒன்று தாக்க, ஒன்று காக்க, ஒன்று அறிய என்று மூன்று போதும். ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் எளிய வார்த்தைகளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு நாணயங்களை முன்னால் வையுங்கள். ஒரு ஸ்லாட் போனால் ஒரு நாணயம் மேசை நடுவுக்குப் போகட்டும். பிள்ளை முடிவெடுக்கும் முன்பு, "இது உன் கடைசி நாணயம், தெரியும்தானே?" என்று ஒரு தரம் நினைவூட்டுங்கள். முடிவெடுத்த பிறகு திருத்தாதீர்கள். தெரிந்தெடுத்தது பொருந்தவில்லை என்றால், நீண்ட ஓய்வுக்குப் பின் வேறு மந்திரத்தை ஆயத்தம் செய்ய விதியே இடம் தருகிறது.

பெற்றோரே, ஒரு நாள் வந்து அந்த மேசையில் இருங்கள். பார்த்த பிறகும் மனச்சாட்சி இடம் தராவிட்டால் பிள்ளைக்கு நேராகச் சொல்லுங்கள். தம்பி தங்கைகளே, அப்பா அம்மா வேண்டாம் என்றால் ஒளித்து விளையாடாதீர்கள். வாள்வீரனாக வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பொறுத்திருங்கள். ரோமர் 14ஆம் அதிகாரம் இப்படிப்பட்ட வேளைக்குத்தான். பலவீனனாகத் தெரியும் சகோதரனுக்காக நம் சுதந்திரத்தை ஒதுக்கி வைப்பதும், இரண்டு நாணயத்தில் ஒன்றைப் பிடித்து வைத்திருப்பதைப் போல, ஒரு பலம்தான்.