ஹாரி வாஷிங்டன் கட்ட மறுத்த வரி

அமெரிக்கப் புரட்சி என்று பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருத்தர் சாமுவேல் ஜான்சனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். சுதந்திரம் என்று உரக்கக் கூவுகிறவர்களெல்லாம் ஏன் அடிமைகளை வேலை வாங்குகிறவர்களாகவே இருக்கிறார்கள் என்று 1775இல் அவர் கேட்டார். சுருக்கென்று தைக்கிற கேள்வி. நானே அதைச் சொல்லிப் பல வாதங்களில் ஜெயித்திருக்கிறேன். இப்போது அந்த ஜெயங்களை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஜான்சன் அந்தப் பிரசுரத்தை அரசாங்கம் கேட்டுக்கொண்டதால் எழுதினார். அவருக்கு வருடம் 300 பவுன் பென்ஷன் (தன் அகராதியில் அந்தச் சொல்லையே கிண்டலடித்தவர் அவர்தான், அது வேறு கதை). அடிமைமுறை மேல் அவருக்கு இருந்த வெறுப்பு பொய்யில்லை. ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பருக்குத்தான் சொத்தில் பெரும்பங்கை எழுதிவைத்தார். ஆனால் லண்டன் தரப்பின் மைய வாதம் அடிமைகளைப் பற்றியதே அல்ல. 1763இல் முடிந்த போரில் உங்களைக் காப்பாற்றிக் கடனாளி ஆனோம், வரி கட்டுங்கள். ஓட்டு இல்லையா? மான்செஸ்டர்காரனுக்கும்தான் எம்.பி. இல்லை, அவன் கட்டவில்லையா? வாதம் இவ்வளவுதான். வீட்டிலிருப்பவனுக்கும் சோறு போடவில்லை, ஆகவே உனக்கும் கிடையாது என்கிற நியாயம்.

சரி, அடிமைகள் விஷயத்துக்கே வருவோம். 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர், பிரிட்டிஷ் பக்கம் வந்து சண்டை போடும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். கலகக்காரர்களின் அடிமைகளுக்கு மட்டும். டன்மோர் தன் அடிமைகளை விடவில்லை.

ஆனாலும் ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹாரி. ஆப்பிரிக்காவில் பிறந்தவர், ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமை. 1783இல் பிரிட்டிஷ் கப்பல்களில் நோவா ஸ்கோஷியாவுக்குப் போன சுமார் 3000 கறுப்பர்களில் அவரும் உண்டு. பேரேட்டில் ஹாரி வாஷிங்டன் என்றே பதிந்திருக்கிறார்கள். சாம்ராஜ்யத்தை நம்பிப் போனவர். அங்கே குளிரும் பட்டினியும். 1792இல் சுமார் 1200 பேர் சியரா லியோனுக்குக் கப்பலேறினார்கள். போகிற நிலத்துக்குத் தீர்வை கிடையாது என்று வாக்குக் கொடுத்துத்தான் கூட்டிப்போனார்கள்.

போன பிறகு சியரா லியோன் கம்பெனி நிலத்தீர்வை கேட்டது. கம்பெனியை நடத்தியவர்கள் அடிமை வியாபாரத்தை எதிர்த்த நல்லவர்கள். இயக்குநர்களில் வில்பர்ஃபோர்ஸும் ஒருவர். தீர்வையை வற்புறுத்திய கவர்னர் ஜக்கரி மெக்காலே, நமக்குத் தெரிந்த மெக்காலேயின் அப்பா. குடியேறிகள் முடியாது என்றார்கள். எங்களைக் கேட்காமல் போட்ட வரி, எங்களுக்கு நாங்களே சட்டம் எழுதிக்கொள்வோம் என்று 1800 செப்டம்பரில் எழுதியும் ஒட்டினார்கள். கம்பெனி படையை ஏவியது. இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கலகம் நியாயமா? ஹாரியிடம் அடிமைகள் கிடையாது. ஜான்சனின் கேள்வியை அவரிடம் கேட்க வழியே இல்லை. அப்படியும் லண்டனின் பதில் பாஸ்டனுக்குச் சொன்னதேதான்: கட்டு, இல்லாவிட்டால் சிப்பாய் வருவான். கலகக்காரன் யோக்கியனா என்று விசாரிக்கிற அக்கறை அதற்கு எப்போதுமே இருந்ததில்லை. ஜெஃபர்சனின் அயோக்கியத்தனத்தைக் காட்டி மூன்றாம் ஜார்ஜுக்கு நற்சான்றிதழ் வாங்கித் தருகிற நம் நண்பர்கள்தான் அந்த அக்கறையை இரவல் கொடுக்கிறார்கள்.

ஹாரியை நாடுகடத்தினார்கள். ஆற்றுக்கு அக்கரையில், புல்லம் கரைக்கு. ஜார்ஜ் வாஷிங்டன் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.